பிரவுன் பெரிடாட்னு கைக்கு வந்த கல்லு சின்ஹலைட்டா? வீட்லயே செக் பண்ற வழி

தேன் கலர், டீ டிகாஷன் கலர், இல்ல லேசா பச்சை அடிக்கிற பிரவுன், இப்படி பட்டை தீட்டின கல்லு ஒண்ணு உங்ககிட்ட இருக்கு, வித்தவர் "பிரவுன் பெரிடாட்"னு சொல்லி குடுத்திருக்காரு (பெரிடாட்ங்கறது வழக்கமா பச்சையா வர்ற ஒரு நகைக் கல்லு), கேட்டா இலங்கை கல்லுன்னும் சொல்றாருன்னு வைங்க. அந்த லேபிள அப்படியே நம்பி டப்பாவ மூடிடாதீங்க. இலங்கைல இருந்து வர்ற பிரவுன் பெரிடாட்னாலே முதல்ல சந்தேகப்படணும்ங்கறது என்னோட கட்சி, ஏன்னா 1952 வரைக்கும் மியூசியம் கலெக்‌ஷன்லயும் கல்லு வியாபாரிங்க கிட்டயும் அந்த பேர்லதான் இது கிடந்துச்சு. அந்த வருஷம்தான் அது பெரிடாட்டே இல்ல, சின்ஹலைட்ங்கற தனி மினரல்னு தெரிஞ்சுது. போரான் இருக்கற மினரல், அதாவது போரேட் வகை, அதுலயும் ரேர் ஐட்டம்.

இத வீட்ல டெஸ்ட் பண்ண பெரிய லேப் ஒண்ணும் வேணாம். 10 மடங்கு பெருசாக்கிக் காட்டற லூப் ஒண்ணு, மில்லிகிராம் வரைக்கும் காட்டற சின்ன டிஜிட்டல் தராசு, கல்லுக்குள்ள போற ஒளி எவ்ளோ வளையுதுன்னு அளக்கற ஜெம் ரிஃப்ராக்டோமீட்டர் (போலரைசிங் ஃபில்டரோட இருந்தா நல்லது), முடிஞ்சா வெளிச்சத்த வானவில்லா பிரிச்சுக் காட்டற கையடக்க ஸ்பெக்ட்ராஸ்கோப் ஒண்ணு. ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாதவங்க தராச வச்சு பாதி தூரம் போகலாம், மீதிக்கு யாராவது ஜெமாலஜி படிச்சவங்கள புடிக்கணும்.

டெஸ்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி இத எப்படி கண்டுபிடிச்சாங்கன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்குங்க, ஏன்னா நாம பண்ணப் போற டெஸ்டும் கிட்டத்தட்ட அதே ரூட்டுதான். லண்டன்ல ஜெம் டெஸ்டிங் பண்ணிட்டிருந்த பேசில் ஆண்டர்சன், அவர் கூட சி. ஜே. பெய்ன், ரெண்டு பேரும் ரிஃப்ராக்டோமீட்டர், ஸ்பெக்ட்ராஸ்கோப்னு வச்சு கல்லுகள நோண்டி எடுக்கற ஆளுங்க. இந்த பிரவுன் கல்லோட நம்பர்லாம் சாதாரண பெரிடாட்ட விட கொஞ்சம் கூடுதலா வரும். அதுக்கு சாக்கு சொல்றது ஈஸி, பெரிடாட்ல இரும்பு ஏற ஏற எடையும் ஏறும், ஒளிவிலகல் எண்ணும் (ஒளி எவ்ளோ வளையுதுங்கற அளவு) ஏறும், அதனால "இது இரும்பு ஜாஸ்தி இருக்கற பெரிடாட்"னு ஒரு வார்த்தைல முடிச்சிரலாம், அப்படித்தான் முடிச்சும் வச்சிருந்தாங்க. கடைசில பிரிட்டிஷ் மியூசியத்து கிளாரிங்புல் எக்ஸ்ரே பக்கமும் மேக்ஸ் ஹே கெமிஸ்ட்ரி பக்கமுமா உக்காந்து பாத்தப்ப உள்ள சிலிக்காவே இல்ல, போரானும் அலுமினியமும் இருக்கு. 1952ல புது மினரல்னு பேப்பர் போட்டாங்க, இலங்கையோட பழைய சமஸ்கிருத பேர வச்சு சின்ஹலைட்னு பேரு வச்சாங்க.

இதுல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் என்னன்னா, இவ்ளோ நாள் ஏமாந்ததுக்கு காரணம் யாரோட கவனக்குறைவும் இல்ல, கல்லோட அமைப்பே அப்படி. பெரிடாட்ங்கறது ஆலிவின் குடும்பம், ரெண்டு மக்னீசியம், ஒரு சிலிக்கான், நாலு ஆக்சிஜன். சின்ஹலைட்ல ஒரு மக்னீசியம், ஒரு அலுமினியம், ஒரு போரான், அதே நாலு ஆக்சிஜன். ஒரு மக்னீசியத்தையும் சிலிக்கானையும் எடுத்தா போற சார்ஜ் 2 ப்ளஸ் 4, மொத்தம் 6, உள்ள வர்ற அலுமினியமும் போரானும் 3 ப்ளஸ் 3, அதுவும் 6, கணக்கு டாலி. அணுக்கள் அடுக்கியிருக்கற முறையும் அதே ஆலிவின் டைப்புதான், ஆர்த்தோராம்பிக்னு சொல்ற படிக வகை. சிலிக்கான் நாலு ஆக்சிஜனுக்கு நடுவுல உக்காந்திருந்த இடத்துல இங்க போரான் உக்காந்திருக்கு. நிறைய போரேட் மினரல்ல போரான் மூணு ஆக்சிஜனோட தட்டையா நிக்கும், இதுல மொத்த போரானும் நாலு ஆக்சிஜனோட நிக்குது. ஒரே வீட்டு பிளான், உள்ள குடியிருக்கறவங்க மட்டும் வேற. அதனால கடினத்தன்மை ரெண்டுக்கும் 6.5ல இருந்து 7, இரட்டை விலகல் (கல்லுக்குள்ள போற ஒளி ரெண்டா பிரியற அளவு) ரெண்டுக்கும் 0.036ல இருந்து 0.039க்குள்ள, பளபளப்பும் ஒரே மாதிரி, கலருக்கு காரணமும் ரெண்டுலயும் இரும்புதான். கண்ணுல பாத்து பிரிக்க எதுவுமே மிச்சம் இல்ல.

ஆனா ஒரு இடத்துல மாட்டிக்குது. போரானும் அலுமினியமும் சைஸ்ல சின்ன அணுக்கள், அதனால ஆக்சிஜன்லாம் இன்னும் நெருங்கி வந்து மொத்த அமைப்பும் சுருங்கிடுது, தூய ஆலிவினோட அடிப்படை செல்ல விட கிட்டத்தட்ட 16 சதவீதம் சின்னது. அணு எடைய கூட்டிப் பாத்தா சின்ஹலைட் லேசானது, 126 பக்கம் வருது, மக்னீசியம் ஆலிவின் 140 பக்கம். இருந்தும் கையில எடுத்தா சின்ஹலைட்டுதான் அடர்த்தி. நகைல போடற பெரிடாட்டோட ஒப்படர்த்தி (அதே கன அளவு தண்ணிய விட எத்தன மடங்கு எடைங்கற எண்) 3.34 பக்கம், சின்ஹலைட் 3.48 பக்கம். இந்த 0.14 தான் வீட்ல நாம புடிக்கப் போற வால்.

சரி, வேலைக்கு வருவோம். முதல்ல லூப். கல்ல மெல்லிசான துணியில துடைச்சிட்டு, மேல் பட்டை வழியா பாத்து பின்பக்கம் இருக்கற பட்டை ஓரங்கள் மேல ஃபோகஸ் பண்ணுங்க. ஒவ்வொரு கோடும் ரெண்டு ரெண்டா தெரியுதா? ஒரு கோணத்துல தெரியலன்னா கல்ல கொஞ்சம் கொஞ்சமா சாச்சு, திருப்பி, ரெண்டு மூணு திசையில பாருங்க, ஏன்னா எந்த இரட்டை விலகல் கல்லுலயும் இரட்டிக்காத திசை ஒண்ணாவது இருக்கும். பெரிடாட், சின்ஹலைட் ரெண்டுலயும் கோடு நல்லா பிரிஞ்சு தெரியும், அதனால இந்த ரெண்ட பிரிக்க லூப் உதவாது. ஆனா மத்த பிரவுன் கல்லுங்கள்ல பலத வெளிய தள்ள இது உதவும். நம்மூர்ல ராகு கல்லுன்னு விக்கற கோமேதகம், அதாவது ஹெசனைட் கார்னெட், அதுவும் இலங்கைல இருந்து எக்கச்சக்கமா வருது, கலரும் சில சமயம் இதே தேன் கலர்தான், ஆனா அதுல கோடு ஒத்தையாதான் இருக்கும், உள்ள பாகு கரைஞ்ச மாதிரி ஒரு கலங்கல் ஓடும். கிரைசோபெரில்ல இரட்டிப்பு இருந்தும் இல்லாத மாதிரி. கண்ணாடியா இருந்தா ஒத்தக் கோடு, பெரும்பாலும் உள்ள உருண்ட உருண்ட குமிழி. பிரவுன் ஜிர்கான்ல கோடு ரொம்ப அகலமா பிரியும், சில பழைய ஜிர்கான்ல அமைப்பு சிதைஞ்சு போயி பிரிவு குறைஞ்சிருக்கும், அது பின்னாடி எடைலயே தெரிஞ்சிரும்.

அடுத்து தராசு. மோதிரத்துல பதிச்ச கல்லுன்னா இந்த ஸ்டெப்ப விட்ருங்க, கழட்டாம இது நடக்காது. தனி கல்லுன்னா முதல்ல காத்துல எடை போட்டு எழுதிக்குங்க. அப்புறம் தராசு மேல ஒரு சின்ன பிளாஸ்டிக் கப் வச்சு அதுல கல்லு முங்கற அளவுக்கு மட்டும் தண்ணி ஊத்துங்க, இருமல் மருந்து பாட்டிலோட வர்ற அளவு மூடி சரியா இருக்கும், ஏன்னா மில்லிகிராம் தராசு பலதும் 20 கிராம் தாண்டினா எர்ரர் காட்டும். காய்ச்சி ஆறவச்ச தண்ணியா இருந்தா நல்லது, உள்ள கரைஞ்சிருக்கற காத்து போயிடும், கல்லு மேல குமிழி ஒட்டாது. பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு பொட்டு தொட்டு விடுங்க, இல்லன்னா தண்ணி மேல்பரப்பு கம்பிய இழுத்துப் புடிச்சு ரீடிங்க கெடுக்கும். மெல்லிசு செம்புக் கம்பி ஒண்ண எடுத்து ஸ்பிரிங் மாதிரி சுத்தி கல்லு உக்கார்ற சின்ன கூடையா பண்ணிக்குங்க, கம்பியோட மறுமுனைய தராசுல படாம வெளிய ஒரு ஸ்டாண்டுல மாட்டணும், ரெண்டு புத்தக அடுக்குக்கு மேல ஒரு ஸ்கேல் வச்சாலே ஸ்டாண்டு ரெடி.

இப்ப வெறும் கூடைய தண்ணிக்குள்ள முக்கி, தராச ஜீரோ பண்ணுங்க. கூடைய வெளிய எடுத்து கல்ல வச்சு அதே ஆழத்துக்கு திரும்ப முக்குங்க. கூடை கப்போட அடியிலயும் படக்கூடாது, பக்கத்துலயும் படக்கூடாது. தராசு ஒரு நம்பர் காட்டும், அது கல்லோட எடை இல்ல, கல்லு ஒதுக்கின தண்ணியோட எடை, ஏன்னா தண்ணி கல்ல எவ்ளோ மேல தள்ளுதோ அதே அளவுக்கு கப் தராச கீழ அழுத்துது. காத்துல போட்ட எடைய இந்த நம்பரால வகுத்தா ஒப்படர்த்தி. ஃபேன ஆஃப் பண்ணிட்டு பண்ணுங்க, இத எழுதாம விட்டா பாதி பேரு ஃபேன் காத்துல ஆடற நம்பர பாத்து மண்டைய பிச்சுக்குவாங்க.

கணக்கு எப்படி வரும்னு பாருங்க. கல்லு 4.20 காரட்னு வைங்க, அதாவது 0.840 கிராம். தண்ணில ரீடிங் 0.241 வந்தா, 0.840ஐ 0.241ஆல வகுத்தா 3.485. நம்ம ஊரு தண்ணி 30 டிகிரில இருக்கும், அந்த சூட்டுல தண்ணியோட அடர்த்தி 0.9957, அத பெருக்கினா 3.47, சின்ஹலைட் ரேஞ்ச். அதே எடைல பெரிடாட்டா இருந்தா ரீடிங் 0.250 வந்திருக்கும், கணக்கு 3.35க்கு கிட்ட போகும். ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் 9 மில்லிகிராம், தராசு 1 மில்லிகிராம் வரைக்கும் காட்டுது, அதனால தாராளமா பிரிக்கலாம். இதே கல்லு 1 காரட்டா இருந்தா வித்தியாசம் வெறும் 2, 3 மில்லிகிராம்தான், தராசு 1 மில்லிகிராம் தடுமாறினாலே கதை மாறிடும். அதனால 2 காரட்டுக்கு கீழ இருக்கற கல்லுக்கு இந்த டெஸ்ட் முடிவ நான் நம்ப மாட்டேன், நீங்களும் நம்பாதீங்க. பெரிய கல்லா இருந்தாலும் நாலஞ்சு தடவ திரும்பத் திரும்ப எடுத்து சராசரி போடுங்க, ஒவ்வொரு தடவையும் கல்ல நல்லா துடைச்சிட்டு. கல்லு மேல ஒரே ஒரு குமிழி ஒட்டியிருந்தாலும் ஒதுக்கின தண்ணி ஜாஸ்தியா காட்டி, ஒப்படர்த்தி குறைஞ்சு போயி, நல்ல சின்ஹலைட்ட பெரிடாட்னு சொல்லி விட்ரும்.

இந்த இடத்துலயே மத்த சந்தேகங்களும் கொஞ்சம் தீரும். 3.06 பக்கம் வந்தா டூர்மலின், 3.65 பக்கம் வந்தா கோமேதகம், 3.73 வந்தா கிரைசோபெரில், 4 தாண்டிச்சுன்னா ஜிர்கானா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. 3.25ல இருந்து 3.30 வந்தா என்ஸ்டடைட், கார்னெருபைன், டயாப்சைடு இதெல்லாம் யோசிக்கணும்.

3.48 வந்துருச்சு, சின்ஹலைட்தான்னு குதிக்கலாமா? கூடாது. மேல சொன்ன அந்த பழைய சாக்கு ஞாபகம் இருக்கா, இரும்பு ஜாஸ்தி ஆலிவின்னு? அது வெறும் சாக்கு இல்ல, கணக்குப்படி உண்மையாவே ஒத்துப் போகும். ஆலிவின்ல மக்னீசியம் இடத்துல ஒரு 20 சதவீதம் இரும்பு ஏறினா ஒப்படர்த்தி 3.45க்கு வந்துரும், ஒளிவிலகல் எண்ணும் 1.67ல இருந்து 1.71 வரைக்கும் வந்துரும், ரெண்டுமே சின்ஹலைட் நம்பர்தான். வழக்கமா நகைக்கு வர்ற பெரிடாட்ல இரும்பு 10 சதவீதம் பக்கம்தான், 20 சதவீதம் இரும்பு ஏறின ஆலிவின் இருண்டு போயிருக்கும், வெளிர் தேன் கலர்ல தெளிவா இருக்காது, அது ஒரு குறிப்பு. ஆனா கலர வச்சு தீர்ப்பு சொல்ல முடியாது, அதனால ரிஃப்ராக்டோமீட்டர்தான் இங்க நீதிபதி.

ரிஃப்ராக்டோமீட்டர்ல ரெண்டு ஓர நம்பர மட்டும் எழுதிட்டு எழுந்து போறவங்கதான் அதிகம், ஆனா பெரிடாட், சின்ஹலைட் மாதிரி கல்லுக்கு சின்னது, நடு, பெருசுன்னு மூணு ஒளிவிலகல் எண் உண்டு, இந்த கல்லு விஷயத்துல நடு நம்பர்தான் முக்கியம். விளக்கமா சொல்றேன். மஞ்சள் ஒத்த நிற வெளிச்சம் போடுங்க, வெள்ளை வெளிச்சம்னா கோடு வானவில் மாதிரி கலைஞ்சு தெரியும். கண்ணாடி மேல காண்டாக்ட் லிக்விட் (கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல காத்து நிக்காம இருக்க விடற திரவம்) ஊசித்தலை அளவு ஒரு சொட்டு, அதுக்கு மேல வேணாம், ஜாஸ்தியானா கல்லு மிதக்கும். கல்லோட பெரிய மேல் பட்டைய கீழ பாத்த மாதிரி வச்சு நகத்தால மெதுவா நடுவுக்கு தள்ளுங்க, இடுக்கி வேணாம், அந்த கண்ணாடி ரொம்ப மெத்து, சட்டுனு கீறல் விழுந்துரும். இப்ப ரெண்டு நிழல் ஓரம் தெரியும், ஒண்ணு கீழ் நம்பர், ஒண்ணு மேல் நம்பர். போலரைசிங் ஃபில்டர கண்ணு பக்கம் வச்சு சுத்தினா ஒண்ணு மறைஞ்சு ஒண்ணு தெளிவாகும், ரெண்டையும் எழுதுங்க. கல்ல 20 டிகிரி சுத்துங்க, திரும்ப ரெண்டையும் எழுதுங்க, இப்படியே 180 டிகிரி முடியற வரைக்கும்.

எழுதின நம்பர்ல ஆகக் கம்மியானது சின்ன எண், ஆக ஜாஸ்தியானது பெரிய எண், எந்த பட்டைல வச்சாலும் இந்த ரெண்டும் மாறாது. நடு எண் ரெண்டு இடத்துல ஒண்ணுல ஒளிஞ்சிருக்கும், கீழ் ஓரம் எட்டின ஆக உயர்ந்த புள்ளி, இல்ல மேல் ஓரம் இறங்கின ஆகத் தாழ்ந்த புள்ளி. எதுன்னு தெரியலன்னா வேற பட்டைய வச்சு திரும்ப பண்ணுங்க, ரெண்டு பட்டையிலயும் மாறாம வர்றதுதான் நடு எண்.

சாதாரண பெரிடாட்னா 1.654, 1.671, 1.690 மாதிரி வரும், நடு எண் சொல்லி வச்ச மாதிரி நடுவுல. இரும்பு ஏறின ஆலிவின்லயும் மூணும் மேல போகுமே தவிர நடு எண் கிட்டத்தட்ட நடுவுலயேதான் நிக்கும். சின்ஹலைட்டுக்கு 1.668, 1.698, 1.707. கீழ இருந்து நடுவுக்கு 0.030, நடுவுல இருந்து மேலுக்கு வெறும் 0.009. நடு எண் மேல் எண்ண போயி ஒட்டிக்கிட்டு நிக்குது, ஜெமாலஜி பாஷைல இது நெகட்டிவ் கல்லு, நகைப் பெரிடாட் பெரும்பாலும் பாசிட்டிவ். கல்லுக்கு கல்லு கடைசி இலக்கம் கொஞ்சம் முன்ன பின்ன வரும், அது பிரச்சனை இல்ல, ஆனா இந்த இடைவெளி மாறாது. ஒப்படர்த்தியும் இந்த இடைவெளியும் சேந்து வந்துச்சுன்னா எனக்கு அதுக்கு மேல சந்தேகம் இல்ல.

ஸ்பெக்ட்ராஸ்கோப் வச்சிருக்கவங்களுக்கு இன்னொரு கன்ஃபர்மேஷன் இருக்கு. கல்லு வழியா வர்ற வெளிச்சத்துல நீலப் பகுதிய பாருங்க. பெரிடாட்ல மூணு கருப்பு பட்டை (இங்க பட்டைன்னா வானவில் கலர்களுக்கு நடுவுல தெரியற இருட்டுக் கோடு), 493, 473, 453 நானோமீட்டர் பக்கம். சின்ஹலைட்லயும் கிட்டத்தட்ட அதே மூணு இடம், கூடவே 463ல நாலாவதா ஒண்ணு. அந்த 463தான் கையெழுத்து. இங்க ஒரு பொறி இருக்கு, இப்பல்லாம் எல்லார் கையிலயும் எல்இடி டார்ச்தான், வெள்ளை எல்இடி வெளிச்சத்துல 480 பக்கம் இயற்கையாவே ஒரு பள்ளம் இருக்கும், கல்லே வைக்காம பாத்தாலும் நீலப் பகுதில கருப்பா தெரியும், அத பட்டைன்னு நினைச்சுக்குவீங்க. பழைய ஹாலஜன் பல்பு, இல்ல ஃபிலமென்ட் பல்பு டார்ச் தேடி எடுங்க. வெளிர் கல்லுன்னா பட்டை மங்கலா இருக்கும், கல்லோட நீள வாக்குல வெளிச்சத்த விட்டா கொஞ்சம் தெளிவாகும். நீலக் கடைசில மனுஷக் கண்ணுக்கு பவர் கம்மி, ரூம இருட்டாக்கிட்டு கண்ணு பழகற வரைக்கும் கொஞ்ச நேரம் உக்காந்திருந்து பாருங்க.

திசைக்கு திசை மாறற கலர பக்கத்துல பக்கத்துல காட்டற டைக்ரோஸ்கோப் இருந்தா அதுலயும் பாத்துக்கலாம், சின்ஹலைட்ல பச்சை கலந்த பிரவுன், வெளிர் பிரவுன், அடர் பிரவுன்னு திசைக்கு திசை கலர் மாறும், பெரிடாட்ல இது ரொம்ப லேசு. புற ஊதா விளக்குல ரெண்டும் சும்மா கிடக்கும், அதுல நேரம் வீணாக்காதீங்க.

செய்யக்கூடாத சிலதையும் சொல்லிடறேன். கீறிப் பாக்கற டெஸ்ட் வேணாம், ரெண்டுக்கும் கடினத்தன்மை ஒண்ணுதான், கல்லு பாழாகறதுதான் மிச்சம். ஆசிட் வச்சு பாக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, பெரிடாட்ட ஆசிட் அரிச்சிரும், உங்க கல்லு பெரிடாட்டா இருந்தா பளபளப்பு போச்சு. மெத்திலின் அயோடைடுனு ஒரு கனமான திரவம் இருக்கு, 3.32 ஒப்படர்த்தி, அதுல பெரிடாட் தயங்கித் தயங்கி இறங்கும், சின்ஹலைட் சட்டுனு அடியில போயிரும், பாக்க அழகான டெஸ்ட்தான், ஆனா அது விஷம், நாத்தமும் ஜாஸ்தி, வீட்ல குழந்தைங்க இருக்கற இடத்துல அத வாங்கி வைக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. தண்ணி டெஸ்ட்டே அதே பதில தருது.

ஏன் இந்த கல்லு இவ்ளோ ரேர்னு கேக்கறவங்களுக்கு, பிரச்சனை சிலிக்காவுலதான். பூமி மேலோட்டுல எங்க பாத்தாலும் சிலிக்கா, போரான் தண்ணியோட கலந்து எங்கயாவது போனா அங்க இருக்கற சிலிக்கா, அலுமினியத்தோட சேந்து டூர்மலின் ஆயிடும். சின்ஹலைட் உருவாகணும்னா மக்னீசியம் இருக்கணும், அலுமினியம் இருக்கணும், போரான் வந்து சேரணும், சிலிக்கா மட்டும் பஞ்சமா இருக்கணும், மேல சூடும் அழுத்தமும் வேணும். மக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறை சூட்டுல மாறின இடங்கள்ல அந்த மாதிரி அமையும். இலங்கைல முதல்ல தெரிஞ்ச கல்லெல்லாம் ஆத்து வண்டல்ல, இல்லம்னு அங்க சொல்ற சரளை அடுக்குல வர்றது, ரத்தினபுரி பக்கம் குழி வெட்டி, சரளைய கூடைல அள்ளி தண்ணில அரிச்சு எடுக்கறாங்களே அது. உருண்டு தேய்ஞ்சு வந்த கல்லுதான், தாய்ப்பாறையோட இல்ல. பாறைக்குள்ளயே இருக்கறத ரெண்டாவது இடமா அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்து வாரன் கவுன்டில பாத்து 1955ல எழுதினாங்க. அப்புறம் பர்மாவுல மோகோக், தான்சானியா, ரஷ்யாவுல யாகூட்டியான்னு சில இடங்கள். நகைத் தரத்துல பெரிய கல்லுன்னா இன்னைக்கும் இலங்கைதான், வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்துல 100 காரட்டுக்கு மேல ஒரு பிரவுன் கல்லு இருக்கு, அதுவும் இலங்கைதான்.

வாரன் கவுன்டில சின்ஹலைட் வந்த பகுதிலயே செரண்டிபைட்னு இன்னொரு போரான் மினரலும் கிடைக்குது, அதையும் முதல்ல கண்டது இலங்கைலதான். 1903ல அத பிரிட்டிஷ் மியூசியத்து பிரயரோட சேந்து எழுதினவரு ஆனந்த குமாரசாமி. ஆமா, சிவ நடராஜர் சிற்பம் பத்தி, இந்தியக் கலை பத்தி எழுதினாரே அவரேதான், இலங்கைத் தமிழர் சர் முத்துக்குமாரசாமியோட மகன். கலைக்கு வர்றதுக்கு முன்னாடி அவரு ஜியாலஜி ஆளு, இலங்கை மினரல் சர்வேல முதல் டைரக்டர். இது நிறைய பேருக்கு தெரியாது, எங்கயாவது சொல்லியே ஆகணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்.

கிளாரிங்புல், ஹே ரெண்டு பேரும் சின்ஹலைட்டோட நிக்கல, 1957ல மேல சொன்ன சி. ஜே. பெய்னோட சேந்து பெய்னைட்னு இன்னொரு போரேட்டையும் எழுதினாங்க, பர்மாவுல ஆர்தர் பெயின்ங்கற கல்லு சேகரிப்பாளர் (இவரு வேற ஆளு) கண்டெடுத்தது. ரொம்ப வருஷம் உலகத்துலயே ஒண்ணு ரெண்டு படிகம்தான் இருந்துச்சு. அத வீட்ல டெஸ்ட் பண்ற நிலைமை நமக்கு வராது, அதனால அத விட்ருவோம்.

கல்லு 2 காரட்டுக்கு கீழன்னாலோ, ரிஃப்ராக்டோமீட்டர் இல்லன்னாலோ, இல்ல நல்ல விலைக்கு விக்கற யோசனை இருந்தாலோ லேபுக்கு குடுங்க. குடுக்கும்போது "என்ன கல்லுன்னு பாருங்க"ன்னு பொதுவா சொல்லாதீங்க, அவசரத்துல பிரவுன் பெரிடாட்னு அடிச்சுக் குடுக்கற ஆபத்து இருக்கு. "சின்ஹலைட்டா பெரிடாட்டான்னு ராமன் போட்டு சொல்லுங்க"ன்னு கேளுங்க. ராமன் ஸ்பெக்ட்ராஸ்கோபில கல்லுக்கு எந்த சேதமும் இல்ல, லேசர் பட்டு வர்ற கோடுகள் போரேட்டுக்கு வேற, சிலிக்கேட்டுக்கு வேற, நிமிஷத்துல தெரிஞ்சிரும். ரிப்போர்ட் வந்ததும் மினரல் பேரு, ஒப்படர்த்தி, மூணு ஒளிவிலகல் எண்ணும் அதுல இருக்கான்னு பாருங்க, வெறும் பேரு மட்டும் போட்டிருந்தா மீதியையும் சேத்துத் தரச் சொல்லி வாங்கிக்குங்க. நீங்க வீட்ல எடுத்த ரீடிங்க கல்லு சுத்தின பேப்பர்லயே தேதியோட எழுதி வைங்க. கழுவறதுக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியும் மெத்துனு ஒரு பிரஷும் போதும், அல்ட்ராசானிக் மெஷின்ல போடாதீங்க, உள்ள கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தா பெருசாயிடும்.